மாமா எந்தப் பக்கம்?

அந்தக் கண்ணாடிக் கடையில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு. குழந்தையின் கண்ணாடி உடைந்து வந்தால் அதுதான் முதல் வேலை. வரிசையில் எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி, முதலாளியின் மாமனாரே வந்து உட்கார்ந்திருந்தாலும் சரி. "ஏம்மா, நான் காலையிலேர்ந்து உக்காந்திருக்கேன். இப்ப வந்தவங்களுக்கு முதல்லயா?" என்று யாராவது எகிறினால், வேலை மேசையிலிருந்து தலை நிமிராமலே பதில் வரும். "உங்களுக்கு வளர்ற வயசு முடிஞ்சுபோச்சு சார். அது கண்ணு இன்னும் வளந்துக்கிட்டிருக்கு."

அப்படிப் பதில் சொல்பவளைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் 'பவர் அக்கா' என்றே கூப்பிட்டார்கள். எழுபது வயதுக்காரருக்கும் அக்கா, ஏழு வயது வாண்டுக்கும் அக்கா. யார் கண்ணாடியை நீட்டினாலும் அதைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, சுவர்க் காலண்டரின் கோடுகளைப் பார்த்தபடி இப்படியும் அப்படியும் ஆட்டுவாள். "மைனஸ் ரெண்டேகால். கொஞ்சம் சிலிண்டர் பவரும் இருக்கு" என்பாள். மெஷினில் வைத்துப் பார்த்தால் அதுவேதான் இருக்கும். கால் பவர் வித்தியாசம் வந்தால் மெஷினை சர்வீசுக்கு அனுப்பச் சொல்லி அடம்பிடிப்பாள். இரண்டு முறை அவள் சொன்னதே சரியாகவும் இருந்தது. அந்த இரண்டு முறையை முதலாளியிடம் இருநூறு முறையாவது சொல்லிக் காட்டியிருப்பாள்.

வயது ஐம்பத்தேழு. முப்பத்தொரு வருடமாக அதே மேசை, அதே முக்காலி. லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்ப்பது, ஓரத்தைச் சீவுவது, எள்ளளவு ஸ்க்ரூவை இடுக்கியால் எடுத்து உட்கார வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. இத்தனையையும் வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டே செய்தாள் என்பது முதலாளிக்கும் வீட்டாருக்கும் மட்டும் தெரியும். இடது கண் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும், பார்க்கத்தான் செய்யாது. மைனஸ் ஆறு போட்டாலும் பலகையில் முதல் எழுத்துக்குக் கீழே இறங்காது. டாக்டர்கள் சோம்பேறிக் கண் என்பார்கள். சின்ன வயதில் கண்ணாடி போட வேண்டிய நேரத்தில் போடாமல் விட்டதால் வந்த வினை. அந்த வினைக்கு ஒரு ஆள் காரணம் என்பது அவள் தீர்மானம். அந்த ஆளை எப்படியாவது கண்டுபிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று ஐம்பத்தொரு வருடமாக மனதில் வைத்திருந்தாள். "என் கண்ணாடி எங்கே மாமா?"

நடந்தது இதுதான். அவளுக்கு ஆறு வயது. அப்பா விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கம்பெனி வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மாமாதான் அங்கேயும் இங்கேயும் ஓடி, வேறு ஊரில் ஒரு பெண்கள் ஹாஸ்டல் சமையலறையில் அம்மாவுக்கு வேலை பிடித்துக் கொடுத்தார். அவர் அப்போது கல்யாணமாகாத ஆள், ஒற்றை அறையில் இருந்தார், இவர்களைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் பாசத்துக்குக் குறைவில்லை. பாப்பா எதைப் பார்த்தாலும் தலையைச் சாய்க்கிறாளே என்று கண்டுபிடித்தவரே அவர்தான். அவருக்கும் இடது கண் மட்டும் பழுது. தானே டாக்டரிடம் கூட்டிப் போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். பஸ் ஏறும் நெரிசலில் அந்தக் கண்ணாடி விழுந்து அதன் ஒரு பக்கக் காது முறிந்தது. அவள் ஊரைக் கூட்டி அழுதாள். மாமா இரண்டு துண்டுகளையும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஜன்னல் கம்பி வழியாகக் கை நீட்டி அவள் கன்னத்தைத் தட்டினார். "அழாத பாப்பா. ரெண்டு நாள்ல சரி பண்ணி எடுத்துக்கிட்டு மாமா வரேன்" என்றார்.

வரவில்லை. இரண்டு நாளிலும் வரவில்லை, இரண்டு மாதத்திலும் வரவில்லை.

முதல் மாதமே ஹாஸ்டலை விட்டு அதே ஊரில் வேறு வேலைக்கு மாறிய பிறகும், அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அவளையும் இழுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய் நின்றாள். ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். பதில் இல்லை. பிறகு ஒரு நாள் பஸ் நிலையம் போவதை நிறுத்தினாள். அம்மா ரோஷக்காரி. "பாரம்னு கை கழுவிட்டாரு போல. இனிமே அந்தப் பேச்சை எடுக்காத" என்று சொன்னதோடு சரி. மகள் வாயைப் பிடுங்கினாலும் அதற்குமேல் ஒரு சொல் வராது. பதினோரு வயதில் பள்ளிக்கூடத்துக்கு வந்த கண் டாக்டர் இலவசமாக ஒரு கண்ணாடி கொடுத்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

வளர வளர அவளுக்குக் கோபமும் கூடவே வளர்ந்தது. கூடப்பிறந்தவளை, அதுவும் புருஷனை இழந்து நிற்கிறவளை, கைக்குழந்தை மாதிரி ஒரு பிள்ளையோடு பஸ் ஏற்றி விட்டுவிட்டு அம்போ என்று போகிற அண்ணன் உலகத்தில் உண்டா? உண்டு, என் மாமா என்று கணவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் அதிகம் பேசாதவர். "சரி விடு" என்பார். விடவில்லை.

அவள் மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் மூன்று பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கணவர் பக்கத்து ஆட்கள் ஒரு பஸ். அவள் பக்கத்துக்கு ஒரு நாற்காலி போதுமாக இருந்தது. அதில் அம்மா உட்கார்ந்திருந்தாள். "பொண்ணோட அம்மா பக்கத்து ஆளுங்க எங்கே?" என்று ஒருவர் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார். கண்ணாடிக் கடை முதலாளி சட்டென்று முன்னால் வந்து, "நாங்கதான்" என்றார். அவருக்காக அவள் இன்றைக்கும் சம்பளம் கூட்டிக் கேட்பதில்லை என்று கடையில் கேலி செய்வார்கள். உண்மையில் அன்று கழிப்பறையில் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதாள்.

ஆள் அகப்படாவிட்டால் என்ன, கண் அகப்படுமே என்று அவளுக்கு ஒரு நினைப்பு. இடது கண் மட்டும் மைனஸ் ஆறு, வலது கண்ணில் பவரே இல்லை என்று எவராவது சீட்டோடு வந்துவிட்டால் போச்சு. லென்ஸைத் தேய்ப்பதற்கு முன் அவர்கள் வம்சத்தைத் தேய்த்துப் பார்ப்பாள். "உங்கம்மா எந்த ஊரு? உங்கப்பாவுக்குக் கூடப்பிறந்தவங்க எத்தனை பேர்?" ஒரு வக்கீல் பயந்து போய், "கண்ணாடிக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டார். முப்பத்தொரு வருடத்தில் அப்படி ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பதும் வேறு வேறு குடும்பம்.

போன வருடம் அம்மாவும் போய்விட்டாள். எழுபத்தொன்பது வயது, நுரையீரலில் சளி. மருத்துவமனையில் நாலாம் நாள் காலை, பவர் அக்கா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருக்கும்போது அம்மா வாசலைப் பார்த்து, "மாமா வந்துட்டாரா?" என்று தெளிவாகக் கேட்டாள். ஐம்பது வருடம் வாயே திறக்காதவள். "இல்லம்மா" என்றாள் இவள். "வருவாரு. வரேன்னா வந்துடுவாரு" என்றாள் அம்மா. மறுநாள் பேச்சு நின்றது, அதற்கு மறுநாள் மூச்சு.

கடைசிவரை காத்திருந்திருக்கிறாளே என்பது மண்டையைக் குடைந்தது. கை கழுவிவிட்டார் என்று மகளுக்குச் சொல்லிவிட்டு, தான் மட்டும் எதிர்பார்த்துக் கிடந்திருக்கிறாள். உயிரோடு இருந்தால் அந்த மனுஷனுக்குத் தொண்ணூறு தாண்டியிருக்கும். இல்லாவிட்டாலும் பிள்ளை குட்டி இருக்காதா? அவர்களிடமாவது கேட்டுவிடுவது என்று கிளம்பினாள்.

அம்மாவின் தகரப் பெட்டியில் இரண்டு காகிதம் கிடைத்தது. ஒன்று அம்மாவின் ஐந்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட், பிறந்த ஊரும் தாத்தாவின் பெயரும் அதில் இருந்தன. இன்னொன்று பார்த்துப் பார்த்துத் தேய்ந்த கல்யாணப் போட்டோ. நடுவில் அம்மா, அவள் வலப்பக்கம் அப்பா, இடப்பக்கம் கண்ணாடி போட்ட மாமா. அம்மாவை ஒட்டி நிற்கிறவர் அம்மாவின் அண்ணன்தானே? அவள் அதில் சந்தேகப்பட்டதே இல்லை.

பவர் அக்காவின் மகள் சர்ட்டிபிகேட்டைப் படம் பிடித்து, அந்த ஊர்க்காரர்கள் இருக்கும் ஒரு போன் குழுவில் போட்டாள். "யாருக்காச்சும் தெரியுமா பாப்போம். உனக்கு ஏதாச்சும் முறைப்பையன் மாட்டினா அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்று கண்ணடித்தாள். மாமா பிள்ளைகள் என்றால் முறைதானே. "போடி, இந்த வயசுல எனக்கு முறைப்பையன் ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள் பவர் அக்கா.

ஒரே வாரத்தில் ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருவர் கூப்பிட்டார். அம்மாவின் அப்பாவும் தன் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள் என்றார். அப்படியானால் அவர் இவளுக்கு மாமா. "மாமா!" என்று கத்தியேவிட்டாள். அவர் உடனே திருத்தினார். "ஒண்ணுவிட்ட மாமா. கணக்கு கரெக்டா இருக்கணும். முப்பத்தாறு வருஷம் டிக்கெட் கிழிச்சவன் நான். அரை டிக்கெட்டை முழு டிக்கெட்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்."

அடுத்த ஞாயிறு நாலு மணி நேரம் பஸ்ஸில் போய் அவர் வீட்டில் இறங்கினாள். கூடத்துச் சுவர் முழுக்க ஒரு சார்ட். எட்டுத் தாள்களை ஒட்டிச் சேர்த்து, ஆறு தலைமுறையைக் கட்டம் கட்டி எழுதியிருந்தார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், ஆள் போய்விட்டால் மூலையில் ஒரு ஓட்டை. பழைய டிக்கெட் பஞ்ச் மெஷினாலேயே ஓட்டை போடுகிறார். ஒருவர் செத்த செய்தி வந்தால் மனுஷன் முதலில் நாற்காலி போட்டு ஏறுவது சார்ட்டுக்குத்தான் என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மாவின் வட்டம் அதில் இருந்தது. தாத்தா சதுரத்திலிருந்து ஒரே ஒரு கோடு இறங்கி அந்த வட்டத்தில் முடிந்தது. இவள் சார்ட்டின் அருகில் போய், ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, பக்கத்தில் இன்னொரு கோடு இருக்கிறதா என்று தேடினாள்.

"எங்க மாமாவைக் காணோமே?"

"எந்த மாமா?"

"எங்கம்மாவோட அண்ணன்."

கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கம்மா ஒத்தைப் பொண்ணு. அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. எங்க பெரியப்பாவுக்கு ஒரே வாரிசு. நான் என்ன, ஆளை ஒளிச்சா வெச்சிருக்கேன்?"

அவள் போட்டோவை எடுத்துக் காட்டினாள். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இந்த முகம் எங்கள் வகையறாவிலேயே இல்லை என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வேற யாராச்சும், பழக்கமானவங்களா இருக்கும்" என்று இழுத்தார். அந்த இழுப்பு அவளுக்குப் புரிந்தது. மாமா என்று ஒரு பெண் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். கட்டியவனையும் கூப்பிடலாம், கட்டாதவனையும் கூப்பிடலாம். செத்துப் போகிற நேரத்தில் வாசலைப் பார்த்து அம்மா கூப்பிட்டது யாரை? அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. எதற்கு இந்த வேலையில் இறங்கினோம், அம்மாவை நிம்மதியாகப் போக விட்டிருக்கலாமே என்று போட்டோவைப் பைக்குள் திணித்தாள்.

அவ்வளவு நேரமும் சமையலறை வாசலில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கண்டக்டர் மனைவி வாயைத் திறந்தாள். "ஏம்மா, அவரை மாமான்னு முதல்ல கூப்பிட்டது யாரு? நீயா, உங்கம்மாவா?"

"அம்மா மாமான்னுதான் கூப்பிடுவாங்க அத்தை. அதைப் பாத்து நானும்."

"அப்ப உங்கம்மாவுக்கு அண்ணன் எப்படி ஆவாரு? அண்ணனைப் போய் யாராச்சும் மாமான்னு கூப்பிடுவாங்களா?"

ஐம்பத்தொரு வருடம் இந்தக் கேள்வி தன் மண்டையில் உதிக்கவே இல்லையே என்று பவர் அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது.

அத்தை உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "இதோ இவரோட அண்ணன் இருந்தாரே, அவரை நான் என்னன்னு கூப்பிட்டேன்? மாமான்னுதான். என் பையன் பேச ஆரம்பிச்சப்ப நான் கூப்பிடறதைப் பாத்து அவனும் மாமான்னே பழகிட்டான். பெரியப்பான்னு சொல்லுடான்னு அடிச்சாக்கூட மாத்தலை. அவரு சாகற வரைக்கும் என் பையனுக்கு அவரு மாமாதான். நீ உங்கம்மா பக்கம் தேடிக்கிட்டிருக்க. அவரு உங்கப்பாவோட அண்ணன்டி."

கண்டக்டர் தன் எட்டுத் தாள் சார்ட்டையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் அசடு வழிந்தது.

பவர் அக்கா போட்டோவை மறுபடி வெளியே எடுத்தாள். இந்த முறை மகளாகப் பார்க்காமல், கடைக்காரியாகப் பார்த்தாள். மைனஸ் பவர் அதிகமானால், கண்ணாடி வழியாகத் தெரிகிற கன்னத்தின் ஓரம் உள்ளே இழுத்த மாதிரி தெரியும். கடையில் தினமும் பார்க்கிற சங்கதி. மாமாவின் இடது லென்ஸில் கன்னம் நன்றாக உள்ளே போயிருந்தது. வலது பக்கம் நேராக இருந்தது. மைனஸ் ஆறு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தன் கண் அப்பா வீட்டுக் கண் என்று ஐம்பத்தேழு வயதில் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நாள் கோபத்தில் ஒரு பாதி அங்கேயே இளகிவிட்டது. தம்பி செத்த பிறகு தம்பி பெண்டாட்டிக்கு வேலை தேடிக் கொடுத்த மனுஷன், அந்த அளவுக்காவது செய்திருக்கிறார். ஆனால் கண்ணாடி? அது ஆறவில்லை.

செய்த தப்பை ஈடுகட்ட நினைத்தாரோ என்னவோ, கண்டக்டர் களத்தில் இறங்கினார். அவர் சேர்ந்திருந்த குழுக்கள் ஒன்றா இரண்டா, பதினேழு. போட்டோவில் மாமாவை மட்டும் வெட்டி எடுத்து, அப்பா வேலை பார்த்த கம்பெனியின் விவரத்தோடு எல்லாவற்றிலும் போட்டுவிட்டார். பவர் அக்காவின் நம்பரையும் கீழே கொட்டை எழுத்தில் கொடுத்திருந்தார். முதல் மூன்று நாள் காலை வணக்கம் சொல்லி முப்பது பேர் பூப்படம் அனுப்பினார்கள்.

நாலாம் நாள் மத்தியானம், அவள் ஒரு லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆண் குரல். பின்னால் ஏதோ மோட்டார் ஓடுகிற சத்தம்.

"அந்தப் போட்டோல இருக்கறது எங்கப்பா. அது உங்க கையில எப்படி வந்துச்சு?"

அவள் லென்ஸைக் கீழே வைத்தாள். ஐம்பது வருடப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. "அவரு எனக்கு மாமா."

"மாமாவா? எங்கப்பாவுக்கு அக்காவும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது. நீங்க ஆள் மாத்திப் பேசறீங்க. வெச்சிடறேன்."

"இருங்க இருங்க, வெச்சிடாதீங்க! மாமா இல்ல, பெரியப்பா. எங்கப்பாவோட அண்ணன். உங்கப்பாவுக்கு இடது கண்ணு மட்டும்தானே பவர்?"

அந்தப் பக்கம் மோட்டார் சத்தம் நின்றது. யாரோ சுவிட்சை அணைத்திருக்க வேண்டும்.

"நீங்க பாப்பாவா?" என்றது குரல்.

மூட்டு வலித் தைலம் மணக்கிற கையால் போனைப் பிடித்துக்கொண்டு அவள், "ஆமா" என்றாள்.

பேசியவர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். வயது நாற்பத்தெட்டு. பெரியப்பா பிறகு தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டு பெற்ற ஒரே பிள்ளை. பெரியப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது என்றார். கடைசி மாதத்தில் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாராம். "சித்தியைத் தேடுங்கடா. பாப்பா கண்ணாடி இல்லாம இருக்கும்டா."

"எனக்கு என்ன தெரியும்? சித்தின்னா அம்மாவோட தங்கச்சின்னுதான் நெனச்சேன். எங்கம்மாவுக்கு ஒரே ஒரு தங்கச்சி, அடுத்த தெருவுலயே இருக்காங்க. தேட என்ன இருக்குன்னு கையோட கூட்டிக்கிட்டு வந்து கட்டில் பக்கத்துல நிறுத்தினேன். 'இதோ சித்தி வந்தாச்சுப்பா'ன்னேன். அவங்களும், 'நான் நல்லாத்தான் இருக்கேன் அத்தான், எனக்கு எதுக்குக் கண்ணாடி?'ன்னு கேட்டாங்க. அப்பா என்னையே பாத்தாரு. அப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. மூளை குழம்பிப் போச்சுன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். அப்பாவோட தம்பி பொண்டாட்டியும் சித்திதான்னு எனக்கு அன்னிக்கு உறைக்கலையே. 'எனக்கு ஒரு தம்பி இருந்தான், செத்துட்டான்'னு மட்டும்தான் அப்பா சொல்லுவாரு. சின்னப் பையனா செத்திருப்பாருன்னு நெனச்சிட்டேன்."

இவள் மாமா என்று தேடி அம்மா பக்கம் போனாள். அவர் சித்தி என்று தேடித் தன் அம்மா பக்கம் போனார். இரண்டு பேரும் தப்பான வீட்டுக் கதவையே தட்டியிருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. முதலாளி எழுந்து வந்து லென்ஸ் மெஷினை அணைத்தார்.

"ஏன் அன்னிக்கு வரலை?" என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர், "போன்ல வேணாம். ஒரு பொருள் இருக்கு. ரெண்டு நாள்ல நேர்ல எடுத்துக்கிட்டு வரேன்" என்று வைத்துவிட்டார்.

ரெண்டு நாள்ல வரேன். வேறு எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா? நாளைக்கு வரேன், அடுத்த வாரம் வரேன், வராமலே போறேன், எதுவானாலும் பொறுத்துக்கொண்டிருப்பாள். இரண்டு நாளும் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு டீச்சரின் கண்ணாடியில் இடது லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். இரண்டாம் நாள் காலை போனது, மத்தியானம் போனது. கணவர் அதிசயமாகக் கடைக்கு வந்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் நின்றார். "வர மாட்டாங்க. அது அவங்க ரத்தத்துலயே இல்ல" என்றாள் அவரிடம்.

நாலரை மணிக்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். விரலிடுக்கில் கிரீஸ் கறை. மூக்கில் கண்ணாடி. வந்தவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவள் பார்த்தது இடது லென்ஸ் வழியாகத் தெரிந்த கன்னத்து ஓரத்தை. உள்ளே இழுத்திருந்தது.

"பஸ்சு பஞ்சராயிடுச்சு" என்றார் அவர் முதல் வார்த்தையாக. "மூணு மணி நேரம் ரோட்டுல நிறுத்திட்டான். நான் வராமப் போயிடுவேன்னு நெனச்சீங்களா?"

அவர் பையிலிருந்து ஒரு தகரக் கண்ணாடிக் கூட்டை எடுத்து மேசையில் வைத்தார். மூடியில் பெயின்ட் போய்த் துரு ஏறியிருந்தது. உள்ளே, பஞ்சுக்கு மேல், உள்ளங்கையில் பாதிகூட வராத ஒரு வட்டக் கண்ணாடி. ஒரு காது மட்டும் வேறு நிறம். முறிந்ததை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டது.

"அப்பா அலமாரியில இருந்துச்சு. யாருடையதுன்னு எங்க யாருக்கும் தெரியாது. தூக்கிப் போடவும் மனசு வரலை."

அவள் அதைக் கையெட்டும் தூரத்தில் பிடித்தாள். காலண்டர் கோட்டைப் பார்த்து ஆட்டினாள். கோடு கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆட்டினாள். "மைனஸ் மூணரை. வலது பக்கம் பவர் இல்ல" என்றாள். மெஷினில் வைத்துப் பார்க்கவில்லை. ஆறு வயதில் அவளுக்கு அதுதான் பவர்.

அவர் நின்றுகொண்டே சொன்னார். அவருக்கும் முழுக்கத் தெரியாது, பெரியப்பாவின் பழைய கூட்டாளி ஒருவரைத் தேடிப்பிடித்து இந்த இரண்டு நாளில் கேட்டுக்கொண்டு வந்ததுதான். பஸ் ஏற்றிவிட்ட மறுநாளே கண்ணாடியை ரிப்பேர் செய்து வாங்கிவிட்டாராம் பெரியப்பா. அதற்கடுத்த நாள் காலை, கிளம்ப வேண்டிய அன்று, வேலை பார்த்த இடத்தில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் லாரியிலிருந்து பெரிய காகிதக் கட்டு சரிந்து காலில் விழுந்தது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. வேலை போயிற்று, அறையும் போயிற்று. அம்மா எழுதிய கடிதம் வந்திருந்தால் அந்த அறைக்குத்தான் வந்திருக்கும். கட்டையை ஊன்றிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனபோது, அந்தச் சமையல்காரம்மா முதல் மாதமே வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள், எங்கே என்று தெரியாது என்றார்கள். மூன்று முறை போய் அந்த ஊர்த் தெருக்களில் விசாரித்திருக்கிறார். நொண்டிக்கொண்டேதான் கடைசிவரை நடந்தார்.

பவர் அக்கா கண்ணாடியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். கடையில் ஆள் இருக்கிறது, வேலை இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒரு நல்ல மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறோமே என்று அழுதாள். அம்மா சரியாகத்தான் சொன்னாள், வரேன்னா வந்துடுவாரு என்று. பெரியப்பா, பெரியப்பா என்று அவர் உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் கூப்பிடாத பெயரைச் சொல்லி அழுதாள். கணவர் உள்ளே வந்து தோளில் கை வைத்து, "சரி விடு" என்றார். இந்த முறை விட்டாள்.

அழுகை ஓய்ந்ததும் முதலாளி தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே, "சார் யாரு?" என்றார்.

கண்டக்டரிடம் பாடம் படித்தவள் ஆயிற்றே. கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று, "என் ஒண்ணுவிட்ட தம்பி" என்றாள்.

மோட்டார் கடைக்காரருக்கு முகம் சுருங்கியது. "எதுக்குக்கா ஒண்ணு விடணும்? இவ்வளவு நாள் விட்டது போதாதா?"

ஊரில் எல்லோரும் கூப்பிடுகிற அக்காதான். ஆனாலும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. "என் தம்பி" என்று முதலாளியிடம் திருத்திச் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள்.

பெஞ்சில் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவருக்கு இதெல்லாம் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம்தான். இருந்தாலும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "என் கண்ணாடி எப்பம்மா?" என்றார்.

பவர் அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வட்டக் கண்ணாடியின் காதை விரித்துப் பார்த்தாள். ஸ்க்ரூ துருவேறி ஆடிக்கொண்டிருந்தது. இடுக்கியை எடுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க சார். குழந்தை கண்ணாடி ஒண்ணு வந்திருக்கு. அதை முடிச்சுட்டுத் தரேன்."